கூண்டில் ஏறினால் பழசு வெளியே வரும்

அமெரிக்க கிரிமினல் வழக்குகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். போலீஸ்காரர் சாட்சி சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், கைரேகை நிபுணர் சொல்வார். யாருடைய வாழ்க்கை போகப்போகிறதோ அந்த ஆள் மட்டும் பல வழக்குகளில் கடைசி வரை வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பார். "தப்பு பண்ணாதவன் எதுக்குப் பேசப் பயப்படணும்?" என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு ஒரு பதில் அமெரிக்க ஃபெடரல் சாட்சிய விதிகளில் 609 என்ற எண்ணில் இருக்கிறது. நான் சட்டம் படித்தவன் இல்லை. பி.இ. முடித்து மென்பொருள் எழுதுகிறவன். ஆனால் விதிகளை வரி வரியாக வாசிப்பதும், இந்த நிபந்தனையும் அந்த நிபந்தனையும் ஒன்றாக வந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பதும் தினசரி வேலை. அந்தப் பழக்கத்தோடு இதைப் படித்தேன். படித்து முடித்தபோது என் பழைய சந்தேகத்தை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

ஒரு கற்பனை வழக்கு

ஒரு மருந்துக்கடையின் பூட்டை ராத்திரி யாரோ உடைத்துத் திருடிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். எதிர் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்த ஒருவர், "இவர்தான்" என்று ஒரு ஆளைக் கைகாட்டுகிறார். தூரம், இருட்டு, சில வினாடிகள். வேறு பெரிய ஆதாரம் இல்லை. அந்த ஆளோ, "அன்னைக்கு ராத்திரி நான் என் அக்கா வீட்டுல இருந்தேன்" என்கிறார். நான்கு வருஷம் முன்னால் இதே மாதிரி பூட்டை உடைத்துத் திருடிய வழக்கில் அவருக்குத் தண்டனை ஆகியிருக்கிறது. அதை அனுபவித்துவிட்டு வந்துவிட்டார்.

இந்தப் பழைய தண்டனையைக் காட்டி, "அன்னைக்குத் திருடினவன்தானே, இன்னைக்கும் இவன்தான் திருடியிருப்பான்" என்று அரசு வக்கீல் ஜூரியிடம் வாதாடலாமா? கூடாது. 404-ஆம் விதி அதைத் தடுக்கிறது. ஒருவருடைய குணத்தைக் காட்டி, அந்தக் குணப்படியே இந்தச் சம்பவத்திலும் நடந்துகொண்டார் என்று நிரூபிக்க முடியாது. (நோக்கம், அடையாளம் போன்ற வேறு விஷயங்களுக்குப் பழைய செயல்களைப் பயன்படுத்த வழி உண்டு. அது தனிக்கதை.) ஆக, அந்த ஆள் பேசாமல் உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் ஜூரிக்கு அவருடைய பழைய கதை தெரியவே தெரியாது.

அவர் கூண்டில் ஏறி, "நான் அங்கே இல்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் நிலைமை மாறிவிடுகிறது. இப்போது அவர் வெறும் குற்றம் சாட்டப்பட்டவர் இல்லை, ஒரு சாட்சியும்கூட. சாட்சி என்றால் அவர் சொல்வதை நம்பலாமா என்று சோதிக்க எதிர்த்தரப்புக்கு உரிமை உண்டு. அந்தச் சோதனைக்கான கருவிகளில் ஒன்று பழைய தண்டனை. நீதிபதி அனுமதித்தால் அரசு வக்கீல் குறுக்கு விசாரணையில், "நாலு வருஷம் முன்னாடி பூட்டை உடைச்ச வழக்குல உங்களுக்குத் தண்டனை ஆச்சுதானே?" என்று கேட்கலாம். "ஆமாம்" என்றுதான் பதில் சொல்ல முடியும்.

முன்வாசல் வழியாக வரக்கூடாது என்று தடுத்த அதே தகவல் இப்படித்தான் பின்வாசல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

பழைய ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தில் பெருங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் சாட்சி சொல்லவே முடியாது. அவர் வாக்குக்கு மதிப்பே இல்லை என்பது அந்தக் காலத்து எண்ணம். அதைவிட ஆச்சரியம், குற்றம் சாட்டப்பட்டவரும் தன் சொந்த வழக்கில் சத்தியம் செய்து சாட்சி சொல்ல முடியாது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பொய் சொல்லத்தான் செய்வார் என்ற ஊகம்.

19-ஆம் நூற்றாண்டில் இது உடைய ஆரம்பித்தது. அமெரிக்காவில் 1864-இல் மெய்ன் மாநிலம், குற்றம் சாட்டப்பட்டவர் விரும்பினால் சாட்சி சொல்லலாம் என்று முதலில் சட்டம் போட்டது. ஃபெடரல் நீதிமன்றங்களுக்கு 1878-இல் அந்த உரிமை வந்தது. கடைசியாக நின்றது ஜார்ஜியா. அங்கே 1960-கள் வரை சத்தியம் இல்லாமல் ஒரு வாக்குமூலம் மட்டும் கொடுக்கலாம். தன் வக்கீலே தன்னைக் கேள்வி கேட்டுப் பேசவைக்க முடியாது. 1961-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அது மாறியது.

இப்படிக் கதவைத் திறந்தபோது பழைய அவநம்பிக்கை முழுசாகப் போய்விடவில்லை. "சரி, பேசு. ஆனா நீ யாருன்னு ஜூரிக்குத் தெரிஞ்சாகணும்" என்ற நிபந்தனையாக மாறி ஒட்டிக்கொண்டது. வாயே திறக்கக்கூடாது என்ற தடை போய், வாயைத் திறந்தால் விலை கொடு என்ற விதி வந்தது.

609 என்ன சொல்கிறது?

இன்றுள்ள ஃபெடரல் விதி 1975-இல் நடைமுறைக்கு வந்தது. சாரத்தை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று: பொய்ச்சாட்சி, மோசடி மாதிரி, ஏமாற்றுவதோ பொய் சொல்வதோ குற்றத்தின் அடிப்படைக் கூறாகவே இருந்தால், அந்தத் தண்டனையை அனுமதித்தே ஆகவேண்டும். நீதிபதிக்கு எடைபோடும் வேலை இல்லை. தண்டனையின் அளவும் பொருட்டல்ல.

இரண்டு: மற்ற குற்றங்கள் என்றால், ஒரு வருஷத்துக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றமாக இருக்கவேண்டும். எவ்வளவு விதித்தார்கள் என்பது இல்லை, எவ்வளவு விதிக்க இடமிருந்தது என்பதுதான் கணக்கு. குற்றம் சாட்டப்பட்டவரே சாட்சியாக வந்தால் நீதிபதி தராசைத் தூக்கவேண்டும். ஒரு தட்டில் இந்தத் தகவல் அவருடைய நம்பகத்தன்மையைப் பற்றி எவ்வளவு சொல்கிறது என்பது. இன்னொரு தட்டில் இதைக் கேட்டு ஜூரி அவர்மேல் எவ்வளவு தப்பெண்ணம் கொள்ளும் என்பது. முதல் தட்டு கனமாக இருந்தால்தான் அனுமதி. மற்ற சாட்சிகளுக்கு இவ்வளவு பாதுகாப்புகூடக் கிடையாது.

மூன்று: தண்டனையோ சிறையிலிருந்து விடுதலையோ, எது பின்னால் நடந்ததோ அதிலிருந்து பத்து வருஷம் தாண்டிவிட்டால் கதவு ஏறக்குறைய மூடிவிடும். ரொம்ப வலுவான காரணமும் முன்னறிவிப்பும் இருந்தால்தான் திறக்கும்.

இதன் முதல் வடிவத்தில் ஒரு பிழை இருந்தது. என் மாதிரி ஆட்களுக்கு அது ரொம்பப் பரிச்சயமான வகை. தப்பெண்ணம் யாருக்கு ஏற்படும் என்பதற்கு விதியில் எழுதியிருந்தது வெறுமனே 'பிரதிவாதிக்கு' என்று. கிரிமினல் வழக்கை மனதில் வைத்து எழுதிவிட்டார்கள். சிவில் வழக்கிலும் பிரதிவாதி உண்டு என்பது விட்டுப்போய்விட்டது. 1989-இல் ஒரு வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. சிறையிலிருந்து கார் கழுவும் நிலையத்துக்கு வேலைக்கு அனுப்பப்பட்ட ஒரு கைதி, வேலைக்குச் சேர்ந்த ஆறாவது நாள், சுழலும் டிரையருக்குள் கைவிட்டதில் வலது கையை இழந்தார். இயந்திரம் செய்த கம்பெனிமீது வழக்குப் போட்டார். அவருடைய பழைய திருட்டுத் தண்டனையை ஜூரியிடம் சொன்னார்கள். அவர் தோற்றார். விதியின் வார்த்தைப்படி பார்த்தால் பாதுகாப்பு கம்பெனிக்குத்தான், கையை இழந்தவருக்கு இல்லை. இந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டால் அபத்தம் என்று நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கிரிமினல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரைத் தவிர வேறு யாருக்கும் தராசு கிடையாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். கைதி திரும்பவும் தோற்றார். அடுத்த வருஷமே விதியைத் திருத்தினார்கள்.

தராசு எங்கே சிக்குகிறது?

எடைபோடுவது எப்படி? வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வாரன் பர்கர் 1967-இல் எழுதிய கார்டன் தீர்ப்புதான் இதற்கு வேர். பிறகு தலைமை நீதிபதி ஆனாரே, அதே பர்கர். அதிலிருந்து பிற்காலக் கோர்ட்டுகள் ஐந்து கேள்விகளை வடித்தெடுத்தன. பழைய குற்றம் நேர்மை சம்பந்தப்பட்டதா? எவ்வளவு காலம் ஆயிற்று? இப்போதைய குற்றமும் அதுவும் ஒரே மாதிரியா? இவர் சாட்சி சொல்வது எவ்வளவு முக்கியம்? இவருடைய நம்பகத்தன்மை வழக்கின் மையமா?

முதல் மூன்றும் புரிகிறது. அடிதடி வழக்குக்கும் பொய் சொல்வதற்கும் பெரிய தொடர்பில்லை. பழைய குற்றமும் புதிய குற்றமும் ஒரே மாதிரி இருந்தால் ஆபத்து அதிகம், அதனால் அனுமதிப்பதில் கஞ்சத்தனம் வேண்டும். இதை பர்கரே சொல்லியிருக்கிறார்.

நான்காவதையும் ஐந்தாவதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் மருந்துக்கடை வழக்கில் அந்த ஆள் பேசுவது ரொம்ப முக்கியம். அதனால் அவரைப் பயமுறுத்தி வாயடைக்கக்கூடாது, தண்டனையை விலக்கவேண்டும். அவர் பேச்சை நம்புவதா வேண்டாமா என்பதுதான் வழக்கே. அதனால் நம்பகத்தன்மை பற்றிய தகவல் ஜூரிக்குத் தெரியவேண்டும், தண்டனையை அனுமதிக்கவேண்டும். ஒரே உண்மை ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் இழுக்கிறது. இதையெல்லாம் எடைபோட்டு ஒரு நீதிபதி 'உள்ளே' என்பார், இன்னொருவர் 'வெளியே' என்பார். இரண்டுமே விதிக்கு உட்பட்டதுதான்.

ஜூரியின் மண்டைக்குள்

எனக்கு இதில் முக்கியமாகப் பட்ட இடம் இதுதான். பழைய தண்டனையை அனுமதித்தபின் நீதிபதி ஜூரிக்கு ஓர் அறிவுரை சொல்வார்: 'இந்தத் தகவலை இவர் உண்மை பேசுகிறவரா என்று பார்க்க மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் குற்றத்தைச் செய்தார் என்பதற்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளக்கூடாது.'

நிரலில் ஒரு வேரியபிளை ஒரு ஃபங்ஷனுக்குள் அறிவித்தால் அதற்கு வெளியே அது தெரியாது. கம்பைலர் பார்த்துக்கொள்ளும். மனுஷ மூளைக்கு அந்த வசதி கிடையாது. "இவன் ஏற்கெனவே பூட்டை உடைச்சவன்" என்பது ஒரு தடவை காதில் விழுந்தால் எல்லா அறைக்குள்ளும் போய்விடும். 1949-இலேயே உச்ச நீதிமன்ற நீதிபதி ராபர்ட் ஜாக்சன், இந்த மாதிரி அறிவுரைகள் தப்பெண்ணத்தைப் போக்கிவிடும் என்பது வெறும் கற்பனை, தொழில் செய்யும் வக்கீல்கள் எல்லாருக்கும் இது தெரியும் என்ற பொருளில் எழுதிவிட்டார்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1985-இல் விஸ்லர், சாக்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரே வழக்கை வெவ்வேறு ஆட்களிடம் கொடுத்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் பழைய தண்டனையை மட்டும் மாற்றினார்கள். பழைய தண்டனையே இல்லை என்றபோது குற்றவாளி என்றவர்கள் 42.5 சதவீதம். அதே வகைக் குற்றத்துக்கு முன்னால் தண்டனை பெற்றவர் என்றபோது 75 சதவீதம். பொய்ச்சாட்சிக்குத் தண்டனை பெற்றவர் என்றபோது 60 சதவீதம். நம்பகத்தன்மைதான் விஷயம் என்றால் பொய்ச்சாட்சிதானே முதலிடத்தில் வரவேண்டும்? வரவில்லை. இன்னொன்று, "இவர் பேச்சை எவ்வளவு நம்புகிறீர்கள்?" என்ற கேள்விக்குக் கிடைத்த மதிப்பெண் பழைய தண்டனையைப் பொறுத்துப் பெரிதாக மாறவே இல்லை. விதி மாற்றச் சொல்வது நம்பகத்தன்மை மதிப்பீட்டை. உண்மையில் மாறியது தீர்ப்பு.

இது ஆய்வுக்கூடத்து ஜூரி. நிஜ வழக்குகளை எடுத்து ஐசன்பெர்க்கும் ஹான்ஸும் 2009-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நான்கு பெரிய நீதிமன்றப் பகுதிகளில் 300-க்கும் மேற்பட்ட விசாரணைகள். பழைய வழக்கு இல்லாதவர்களில் 60 சதவீதம் பேர் சாட்சி சொன்னார்கள், இருப்பவர்களில் 45 சதவீதம் பேர்தான். பழைய வழக்கு இருந்தும் சாட்சி சொன்னவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் விஷயத்தில் அது ஜூரிக்குத் தெரியவந்தது. சாட்சி சொல்லாதவர்கள் விஷயத்தில் அபூர்வமாகத்தான் தெரிந்தது. ஆதாரம் பலவீனமாக இருந்த வழக்குகளில், பழைய வழக்கு தெரிந்த ஜூரிகள் அதைப் பிடித்துக்கொண்டு தண்டித்த மாதிரி தெரிகிறது என்பது அவர்கள் முடிவு. ஆதாரம் பலமாக இருந்தால் எப்படியும் தண்டனைதான். பலவீனமான வழக்கில்தானே நிரபராதி இருக்க வாய்ப்பு அதிகம்? விதி கடிப்பது அங்கேதான்.

இரண்டு பக்கமும் பூட்டு

சரி, நீதிபதி தப்பாக அனுமதித்தால் மேல்முறையீடு செய்யலாமே? இங்கே இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைச் சேர்த்துப் படிக்கவேண்டும்.

1984, லூஸ் வழக்கு. விசாரணைக்கு முன்னாலேயே நீதிபதி, "நீங்க சாட்சி சொன்னா பழசை அனுமதிப்பேன்" என்கிறார். அதைக் கேட்டு அந்த ஆள் சாட்சி சொல்லாமல் இருந்துவிடுகிறார். பிறகு, "அந்த உத்தரவு தப்பு" என்று மேல்முறையீடு செய்தால் கேட்கமாட்டோம் என்றது நீதிமன்றம். நீ பேசவே இல்லை, பேசியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எப்படி எடைபோடுவது என்பது காரணம். எழுதியவர் அதே பர்கர். 1967-இல், பழைய தண்டனை ஜூரிக்குத் தெரிவதைவிட குற்றம் சாட்டப்பட்டவரின் கதையை ஜூரி கேட்பது முக்கியமாக இருக்கலாம் என்று எழுதியவர்!

2000, ஓலர் வழக்கு. மெக்சிகோ எல்லையில் ஒரு பெண் ஓட்டிவந்த வேனில் சுமார் 81 பவுண்டு கஞ்சா பிடிபட்டது. எனக்குத் தெரியாமல் வைத்திருக்கிறார்கள் என்பது அவர் வாதம். அவருக்கு 1993-இல் ஒரு போதைமருந்துத் தண்டனை இருந்தது. அதை அனுமதிப்பதாக நீதிபதி முன்னாலேயே சொல்லிவிட்டார். அரசு வக்கீல் வாயால் வருவதற்குமுன் நாமே சொல்லிவிட்டால் அடி குறையும் என்று அவர் கூண்டில் தானே சொல்லிவிட்டார். வக்கீல்கள் வழக்கமாகச் செய்கிற காரியம்தான். நீயே சொன்னதைப் பற்றி நீயே புகார் செய்ய முடியாது என்று 5-க்கு 4 என்ற கணக்கில் முடிந்தது.

ஆக, பேசாவிட்டால் மேல்முறையீடு இல்லை. பேசி நீயே சொன்னாலும் மேல்முறையீடு இல்லை. மிச்சமிருப்பது ஒரே வழி: கூண்டில் ஏறி, பழசைச் சொல்லாமல் இருந்து, அரசு வக்கீல் அதை எடுத்துப் போடும்வரை காத்திருப்பது. "பாருங்க, மறைச்சிட்டான்" என்று ஜூரி நினைப்பதுதான் அதற்கு விலை.

மௌனத்துக்கும் விலை உண்டு. மௌனத்தைக் குற்றத்துக்கு ஆதாரமாக அரசு வக்கீல் காட்டக்கூடாது என்று 1965-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் என்னை மாதிரி ஒரு ஆள் ஜூரியில் உட்கார்ந்து மனசுக்குள் என்ன நினைப்பான் என்பதை இந்தக் கட்டுரையின் முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன். இப்படி இரண்டு பக்கமும் அடி என்று தெரிந்த ஒருவர், விசாரணையே வேண்டாம், குறைந்த தண்டனைக்குப் பேரம் பேசி ஒப்புக்கொள்வோம் என்று முடிவெடுத்தால் ஆச்சரியமில்லை.

அரசுத் தரப்பின் நியாயம்

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மூன்று தடவை மோசடி வழக்கில் தண்டனை பெற்றவர் கூண்டில் ஏறி, "நான் வாழ்நாளில் யாரையும் ஏமாற்றியதில்லை" என்கிற தொனியில் பேசுகிறார். ஜூரி அவரை வெள்ளைத்தாளாக நினைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறது. எதிரே பணத்தை இழந்தவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு இது நியாயமா? மற்ற சாட்சிகளின் பழசையெல்லாம் கிளறலாம், இவருடையதை மட்டும் மூடிவைக்கவேண்டும் என்றால் அதுவும் சாய்ந்த தராசுதான். இந்த வாதத்தை என்னால் தள்ளிவிட முடியவில்லை. ஆனால் இது பொய்யும் மோசடியும் சம்பந்தப்பட்ட தண்டனைகளுக்குத்தான் பொருந்துகிறது. போதைமருந்து வைத்திருந்தவர், அடிதடியில் மாட்டியவர் விஷயத்தில் இந்த வாதம் ரொம்பத் தூரம் போவதில்லை.

சில மாநிலங்கள் அந்தக் கோட்டைத்தான் போட்டிருக்கின்றன. பென்சில்வேனியாவில் நேர்மையின்மை சம்பந்தப்பட்ட தண்டனைகள் மட்டும்தான் செல்லும். கன்சாஸிலும் ஹவாயிலும், தான் யோக்கியன் என்று குற்றம் சாட்டப்பட்டவரே முதலில் ஆதாரம் கொண்டுவந்தால் ஒழிய அவருடைய பழைய தண்டனையைத் தொட முடியாது. மொன்டானாவில் நம்பகத்தன்மையைத் தாக்கப் பழைய தண்டனையைப் பயன்படுத்துவதே கிடையாது. இங்கிலாந்து 1898-இல் குற்றம் சாட்டப்பட்டவரைச் சாட்சி சொல்ல அனுமதித்தபோதே கையில் ஒரு கேடயத்தையும் கொடுத்தது. தான் நல்லவன் என்று அவர் பறைசாற்றினாலோ அரசுத் தரப்புச் சாட்சிகளைத் தாக்கினாலோதான் அது பறிபோகும். 2003-ஆம் வருஷச் சட்டம் அந்தக் கேடயத்தை நிறையவே சுருக்கிவிட்டது.

நம் 1872-ஆம் வருஷச் சாட்சியச் சட்டத்தின் 54-ஆம் பிரிவும் இதே சிந்தனைதான்: குற்றம் சாட்டப்பட்டவர் தன் நல்ல குணத்துக்குச் சாட்சியம் கொடுத்தால் ஒழிய அவருடைய கெட்ட குணம் பொருத்தமற்றது. புதிய சாட்சியச் சட்டத்திலும் அது தொடர்கிறது. இங்கே ஜூரியும் இல்லை. அதனால் சிக்கலின் வடிவமே வேறு.

கடைசியாக

விதி 609 கேட்பது இரண்டு தனித்தனிக் கேள்விகளை: இவர் பொய்யரா? இவர் இதைச் செய்தாரா? எதிர் வீட்டு ஜன்னல்காரர் விஷயத்தில் இரண்டும் வேறு வேறு. குற்றம் சாட்டப்பட்டவரே, "நான் செய்யலை" என்று சொல்லும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. அவர் பொய் சொல்கிறார் என்றால் அவர்தான் செய்தார் என்று அர்த்தம். ஒன்றாகிவிட்ட இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகப் பிரித்து யோசியுங்கள் என்று பன்னிரண்டு பேரிடம் சொல்வதில்தான் இந்த விதி நிற்கிறது.

இப்போதெல்லாம் ஒரு வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சி சொல்லவில்லை என்று படித்தால், "ஏன் பேசலை?" என்ற கேள்வி இன்னமும் வரத்தான் செய்கிறது. ஆனால் 'தப்பு பண்ணியிருப்பான்' என்ற பதில் கூடவே ஓடி வருவதில்லை.